ஷிப்ட் பஸ்ஸில் உயிர்த்தெழுதலை வாதாடி வெல்வது எப்படி?

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை உகந்த நாள். ஒரகடத்தில் ஷிப்ட் விட்டதும் கம்பெனி பஸ்ஸில் நாசரேத்துக்காரர் பக்கத்தில் இடம்பிடியுங்கள் (தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துதான்). டப்பாவில் கேக் நீட்டுவார். முழுங்கிய பிறகே "ஆதாரம் எங்கே தம்பி?" என்று கேளுங்கள். முந்தினால் கேக் போய்விடும்.

நீங்கள் குவாலிட்டி செக்‌ஷன், வெர்னியர் வைத்து அளக்காத எதையும் ஒப்புக்கொள்ளாதவர் என்று அறிவியுங்கள். ஸ்ரீபெரும்புதூர்க்காரராக இருந்தால் இதை மெதுவாகச் சொல்லுங்கள். ஸ்ரீரங்கத்தில் உங்கள் ஊர் ராமானுசரின் உடலே திருமேனியாய் வீற்றிருப்பதாகச் சொல்கிறார்களே, அங்கேயும் வெர்னியரோடுதான் போனீர்களா என்று கேட்டுவிடுவார்.

அடுத்து இயேசுவின் சீடர் தோமாவை இழுப்பார்: காயத்தில் விரல் விட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டேன் என்ற முதல் இன்ஸ்பெக்டர். அசராதீர்கள். தோமா கடைசியில் தொட்டாரா என்று யோவான் எழுதவே இல்லை. செக் பண்ணாமலே ஓகே ஸ்டிக்கர்! படப்பை வரை நிம்மதி.

பிறகு சாட்சிக் கணக்கு. கல்லறைக்குப் போனதாகப் பெயர் சொல்லப்படும் பெண்கள் யோவானில் ஒருவர், மத்தேயுவில் இருவர், மாற்குவில் மூவர். ஷிப்ட் லாக்புக் இப்படி இருந்தால் மெமோதான். அவர் விட மாட்டார்: பெண்கள் சாட்சியத்துக்கு மதிப்பில்லாத காலத்தில், கதை கட்டுகிறவன் அவர்களையா முன்னால் நிறுத்துவான்? நல்ல அடி, எனக்கே வலித்தது. பதிலுக்குப் பவுலை எடுங்கள். நற்செய்திகளுக்கும் முன்னால், கி.பி. 50களில், கொரிந்தியருக்கு அவர் எழுதிய பட்டியலில் ஐந்நூறு பேர் உண்டு. மகதலேனா மரியாள் இல்லை. மாற்குவின் மிகப் பழைய பிரதிகளோ 16:8இல், பெண்கள் பயந்து ஓடுவதோடு நின்றுவிடுகின்றன.

பிரம்மாஸ்திரத்தைப் பரங்கிமலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மலை தெரிந்ததும் கேளுங்கள்: இங்கே கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் தோமாவைப் புதைத்தது சாந்தோமில். எலும்புகளை எடெஸாவுக்குக் கொண்டுபோனார்கள், 1258 முதல் இத்தாலியின் ஒர்டோனாவில் இருக்கின்றன என்பது மரபு. ஆக, சாந்தோமிலும் காலிக் கல்லறைதான். அவர் எழுந்துவிட்டார் என்று யாராவது சொன்னார்களா?

ஒன்று மறந்துவிட்டேன். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்குமுன், அவர் வீட்டில் சமீபத்தில் யாரையாவது அடக்கம் பண்ணினார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். நான் விசாரிக்கவில்லை. காலிக் கல்லறையைப் பற்றி முழங்கி முடித்ததும் அவர் டப்பாவை மூடிக்கொண்டே கேட்டார்:

"அப்ப எங்கம்மாவ மறுபடி பாக்க மாட்டேங்கிறீங்களாண்ணே?"

கிண்டி வரும்வரை ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாட்டு எதுவும் போடவில்லை.