இரண்டு கிலோமீட்டர் முரண்: கிரிவல இணைப்புப் பேருந்து குறித்த ஓர் ஆய்வு

1. வரையறை

திருவண்ணாமலையில் ஒன்பது சாலைகள் வந்து கூடுகின்றன. நடுவே 2,668 அடி மலை. அதைச் சுற்றிவர 14 கிலோமீட்டர். கார்த்திகை தீபத்துக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் லட்சக்கணக்கில் கூட்டம் சேரும்போது வெளியூர்ப் பேருந்து ஊருக்குள் நுழைய முடியாது. வேலூர் வண்டியை வேலூர் சாலையிலும் செங்கம் வண்டியைச் செங்கம் சாலையிலுமாக, வந்த திசையிலேயே தற்காலிகப் பேருந்து நிலையம் போட்டு நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து கிரிவலப் பாதைக்கு ஆளேற்றிப் போவது இணைப்புப் பேருந்து. நடக்க வந்தவரை நடக்கவிடாமல், நடக்கும் இடத்துக்குக் கொண்டுசேர்க்கும் வாகனம் என்று அதை இவ்வாய்வு வரையறுக்கிறது.

2. முன்னோடிகள்

மதுரையிலிருந்து புறப்பட்ட வேங்கடராமன் என்ற சிறுவன், கையிலிருந்த காசு மாம்பழப்பட்டு வரைக்கே ரயிலுக்குப் போதும் என்றானதும், அங்கிருந்து அறகண்டநல்லூருக்கு நடந்தே போனார். பிறகு கடுக்கனை அடகு வைத்து மீண்டும் ரயிலேறி, 1896 செப்டம்பர் 1 அன்று அண்ணாமலை வந்து சேர்ந்தார். ரமண மகரிஷியான அவர் 1950இல் மறையும்வரை ஊரைவிட்டுப் போகவில்லை. ஆகவே திரும்பும் பயணம் பற்றி அவரிடமிருந்து தரவு ஏதும் கிடைக்கவில்லை.

அமெரிக்காவின் சயான் தேசியப் பூங்காவில் 2000ஆம் ஆண்டு முதல் பள்ளத்தாக்குக்குள் போக இத்தகைய பேருந்து ஓடுகிறது. 2018 வெள்ளத்துக்குப் பின் சபரிமலை பக்தர்களும் நிலக்கல்லில் வண்டியை விட்டுவிட்டுப் பம்பைக்கு அரசுப் பேருந்தில் போகப் பழகினார்கள். அங்கெல்லாம் பேருந்து கடக்கும் தூரம் பெரிது. யாரும் குறை சொல்ல முடியாது. அண்ணாமலையில்தான் உட்கார்ந்து போகும் தூரம் துளி, இறங்கி நடக்கும் தூரம் மலையளவு.

3. கள ஆய்வு

தற்காலிக நிலையம் ஒன்றில் பதிவான உரையாடல்:

“ஏம்பா, இங்கேர்ந்து மலை எம்மாந் தூரம்?”

“ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்மா.”

“ரெண்டு கிலோமீட்டரா! அவ்ளோ தூரம் யாருப்பா நடக்கறது?”

“அதுக்குத்தாம்மா வண்டி. ஏறி உக்காரு.”

கேட்ட அம்மாள் செருப்பைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் அமர்ந்தார். அடுத்த சில மணி நேரத்தில் இந்திர லிங்கம் தொடங்கி ஈசானிய லிங்கம் வரை எட்டையும் வெறுங்காலில் கும்பிட்டு முடிக்கப் போகிறவர் அவர். ஏறும்போது முழங்கால் வலிப்பதாகவும் சொன்னார். படியில் தொங்கிய இளைஞர்களுக்கு எந்த வலியும் இல்லை, இடமும் இல்லை. ஆனாலும் யாரும் இறங்கவில்லை.

4. விதிகள்

முதல் விதி: மலையைச் சுற்றும் பதினான்கைவிட, மலைக்குப் போகும் இரண்டு நீளமானது.

இரண்டாம் விதி: கால் வலி தூரத்தைப் பார்த்து வருவதில்லை, புண்ணியக் கணக்கில் ஏறாத அடிகளைப் பார்த்தே வருகிறது.

மூன்றாம் விதி: வலம் முடிந்தவர் இணைப்புப் பேருந்துக்காக நின்று காத்திருக்கும் நேரத்தில் நிலையத்துக்கே நடந்து போயிருக்கலாம். இதை அவரிடம் சொல்லக்கூடாது.

மறுப்பு ஒன்றுண்டு. முதியோரும் கைக்குழந்தைக்காரர்களும் இந்த வண்டி இல்லாவிட்டால் தவித்துப்போவார்கள். உண்மை. ஆய்வாளரின் வழக்கு, அவர்களுக்கான இருக்கையில் கண்மூடித் தியானம் செய்பவர் மீது மட்டுமே.

5. பரிந்துரை

பேருந்தைக் கூட்டுவதால் கூட்டம் குறையாது. ஒன்பது சாலைகளிலும், தற்காலிக நிலையத்தின் வாசலில், “இங்கிருந்து நடந்து செல்வோருக்கு வாகன தோஷம் நீங்கும், வழக்கு ஜெயிக்கும், வரன் அமையும்” என்று ஒரு பலகை வைத்தால் போதும். இரண்டு கிலோமீட்டரும் கணக்கில் ஏறிவிடும். வண்டி காலியாக ஓடும். பலகையைப் படித்துவிட்டு ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை ஓரங்கட்டி நடக்கத் தொடங்கினால், அதற்கு ஆய்வாளர் பொறுப்பல்ல.