மீசை வெச்ச எழுத்து

ஏஞ் சாமி, உன்ற கண்ணாலப் பத்திரிகை புரூப்பைப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தும் மீசையை முறுக்கிக் கொண்டையில பூ வெச்சுட்டு நிக்குது. மாப்பிள்ளை நீயா, அந்த 'ம'னாவான்னுதான் வெளங்கலை.

விண்டேஜுங்கறே. இருக்கட்டும். நானும் டவுன்ஹால் பக்கம் அச்சாபீஸ்ல ஸ்டிக்கைப் புடிச்சு ஈய எழுத்துக் கோத்தவன்தான். இங்கிலீசு எழுத்துக்குக் காலுக்கடியில சின்னதா ஒரு குச்சி இருக்கும், அதுக்கு செரிப்னு பேரு. நம்ம எழுத்து வளைஞ்சு வளைஞ்சே பொழப்பு நடத்தறது. அதுக்குப் போயி பூட்சு மாட்டிவிட்டா எப்புடி நடக்கும்? பட்டையா இழுக்கற எடத்துல பட்டை, முடியற எடத்துல சன்னம், அத்தனைதான் அழகு. அந்தச் சன்னக் கோடும் அந்தக் காலத்து டிரெடில் மெசின்ல நாலு நாள் அடிச்சா முறியும். பொடி எழுத்துன்னா 'ண'னாச் சுழிக்குள்ள மை அடைச்சுக் கரும்புள்ளி ஆயிரும்.

அப்புறம் தும்பிக்கை தூக்குன பழைய 'லை' வேற. அதுக்குத் தனிக் காசாமே! அந்த மாதிரி 13 எழுத்து இருந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் எழுத்துப் பெட்டியில தனி அறை, தேடித் தேடிக் கை ஓஞ்சுபோகும். நம்ம ஈரோட்டுப் பெரியாரு 1935-லயே குடிஅரசுல மாத்திப் போட்டாரு. எம்.ஜி.ஆர். சர்க்காரு 1978-ல உத்தரவு போட்டுது. 43 வருசம் பாடுபட்டு அனுப்புனதை நீ ஒரே ராத்திரியில டவுன்லோடு பண்ணிக் கூட்டியாந்துட்டே. கெட்டிக்காரன்தான்!

வேண்டாங்கலை. பொண்ணு மாப்பிள்ளை பேருக்கு மட்டும் போடு. பெருசா இருந்தா மீசையும் கண்ணுக்குத் தெரியும். பங்காளி பேரு, மண்டபம், நேரம் இதுக்கெல்லாம் வெறும் எழுத்துப் போதும். காந்திபுரம் பஸ் போர்டை இந்த எழுத்துல எழுதிப் பாரு, படிச்சு முடிக்கறதுக்குள்ள வண்டி சிங்காநல்லூரு போயிரும்.

போன வருசம் ஒறம்பரை ஊட்டுக் கண்ணாலம். முகூர்த்த நேரத்துல 6-ஓட வாலைச் சுருட்டி உட்டுட்டாங்க, 8 மாதிரி தெரிஞ்சுது. நாங்க போயி எறங்கறப்ப தாலி ஏறி, மூணாவது பந்தி நடக்குது. மொய் எழுதறவன் எந்திரிச்சுப் போயிட்டான். அதுல எனக்கு நட்டமில்லைன்னு வெச்சுக்க. ஊட்டுக்காரங்களுக்கு?

புரூப்பை உன்ற அம்முச்சிகிட்டக் குடு. கண்ணாடி போடாம மண்டபம் பேரைப் படிச்சாங்கன்னா அச்சுக்கு அனுப்பு.

இன்னொண்ணு கண்ணு. எழுத்துக்கெல்லாம் காலுக்கடியில குச்சி வெச்சயே, உன்ற பெரிய மாமன் பேருல துணைக்காலே இல்லை.