நீங்களே மாத்திக்கலாம்ங்க

இணையதளம் என்றால் அதில் ஏதாவது அசைந்துகொண்டே இருக்க வேண்டும் என்று நம்பிய காலத்தில் நீங்களும் இருந்திருப்பீர்கள். வலமிருந்து இடமாக 'நல்வரவு' ஓடும், மூலையில் பூமிப் பந்து சுழலும், மின்னஞ்சல் முகவரிக்குப் பக்கத்தில் ஒரு கடித உறை வாயைத் திறந்து திறந்து மூடும். அடியில், எத்தனை பேர் வந்து போனார்கள் என்று காட்டும் எண் ஒன்று ஓடும், அதையும் என்னிடம் தளம் செய்யக் கொடுக்கும் முதலாளிகள் சும்மா விடமாட்டார்கள், "ஒண்ணுலருந்தா ஆரம்பிக்கிறது தம்பி? கம்பெனி புதுசுன்னு நெனச்சுக்குவாங்க, ஒரு பத்தாயிரத்துலருந்து ஓட விடுங்க" என்பார்கள், நானும் விடுவேன். 800×600 திரையில், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் பார்த்தால்தான் நன்றாக இருக்கும் என்று வருகிறவருக்கே நிபந்தனை போட்டிருப்போம். தமிழ்த் தளம் என்றாலோ, முதலில் எழுத்துருவை இறக்கி நிறுவிவிட்டு வாருங்கள் என்று வாசலிலேயே நிறுத்தி வைப்போம். அந்தத் திமிர் இப்போது யாருக்கு வரும்!

கோயம்புத்தூரில் அப்போது என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் மோட்டார் பம்பும் வெட் கிரைண்டரும் செய்கிறவர்கள். தளம் என்பது தனித்தனி எச்டிஎம்எல் கோப்புகள்; அரை எச்பி பம்புக்கு ஒரு பக்கம், ஒரு எச்பிக்கு ஒரு பக்கம், ஒவ்வொன்றின் அடியிலும் முகவரியும் போன் நம்பரும் கையால் அடித்தது. ஊரிலுள்ள தரைவழி எண்களுக்கெல்லாம் முன்னால் ஒரு 2 வந்து ஒட்டிக்கொண்டதே, அந்த நாட்களில் நான் டிரீம்வீவரில் எல்லாக் கோப்பையும் திறந்து, தேடி, மாற்றி, பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு கணபதிக்கோ பீளமேட்டுக்கோ கம்பெனிக்கே நேரில் போவேன், ஏனென்றால் மாற்றுவதை முதலாளி கண்ணால் பார்க்க வேண்டும். மோடம் கீச்சிட்டுக் கரகரத்து லைன் கிடைப்பதற்குள் டீ வந்துவிடும். எஃப்டிபியில் கோப்பு ஒவ்வொன்றாக ஏறும் (அதுவரை அந்தப் புது நம்பருக்கு யாரும் கூப்பிட முடியாது, லைனை நான்தான் பிடித்து வைத்திருந்தேன்). கணக்குப்பிள்ளையும் லேத்காரரும் நாற்காலிக்குப் பின்னால் கூடி நிற்க, எஃப்5-ஐ அழுத்துவேன், நம்பர் மாறியிருக்கும். கும்பாபிஷேகம் முடித்த குருக்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பில்லை நீட்டுவேன். யாரும் பேரம் பேசியதில்லை. செய்தது ஒரு 2 போட்ட வேலை.

பிறகு, தளத்தின் உள்ளடக்கத்தை நிர்வகிக்கும் மென்பொருளான சிஎம்எஸ் வந்தது. 2003 மே மாதம் வெளியான வேர்ட்பிரஸ் முதலில் வலைப்பதிவு எழுதுகிறவர்களின் சமாசாரமாகத்தான் இருந்தது. 2005 தொடக்கத்தில் 1.5 பதிப்போடு தனிப் பக்கங்களும் தீம்களும் கிடைத்த பிறகுதான் கம்பெனிகளுக்கும் ஆகும் என்று பட்டது. அதே வருடம் மாம்போவிலிருந்து ஜூம்லா பிரிந்து வந்தது, அதையும் விடவில்லை. எழுத்தெல்லாம் தரவுத்தளத்தில், தோற்றம் தனியே தீமில். நம்பரை ஓரிடத்தில் மாற்றினால் எல்லாப் பக்கத்திலும் மாறிவிடும். "இனி என்னைக் கூப்பிடவே வேண்டாம், எல்லாம் நீங்களே மாத்திக்கலாம்ங்க" என்று, தன் சோற்றில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வது தெரியாமல், கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கிய அந்த இளைஞனை நினைத்தால் இப்போது சிரிப்பாகவும் இருக்கிறது, கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது.

நடந்தது வேறு. கடவுச்சொல்லை முதலாளி தினக் காலண்டர் அட்டையில் எழுதி வைப்பார். ஜனவரியில் காலண்டரோடு அதுவும் போகும். பாதிப் பேர் உள்ளே நுழையவே இல்லை. நுழைந்த மீதிப் பேர் வெளியே வரவில்லை. வேர்டிலிருந்து அப்படியே வெட்டி ஒட்டிய சிவப்புக் கொட்டை எழுத்து, கேமராவிலிருந்து நேராக ஏற்றிய, திறக்கவே திணறும் படங்கள், சித்திரை வரை தொங்கும் தீபாவளி வாழ்த்து. கம்ப்யூட்டர் படித்த மச்சினன் கைக்குப் பொறுப்பு போன ஒரு கிரைண்டர் கம்பெனியின் முகப்பில், கிரைண்டர் இருந்த இடத்தில் முதலாளி வீட்டுக் கல்யாண வரவேற்புப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அதனால் அவர்களுக்கு ஆர்டர் குறைந்ததாகத் தகவலும் இல்லை.

இப்போது இன்னும் சுலபம். 2018 கடைசியில் வந்த வேர்ட்பிரஸ் 5.0 பதிப்பிலிருந்து, பக்கத்தையே கட்டம் கட்டமாக அடுக்கிக்கொள்ளலாம். அத்தனை சுலபம் என்பதாலேயே காசு கேட்க வாய் வருவதில்லை, "அதான் நாமளே மாத்திக்கலாம்னு சொன்னீங்களே, அதுக்கெதுக்குங்க பில்லு?" என்கிறார்கள். மாற்றுவது மட்டும் இன்றும் நான்தான். டீ கிடையாது, இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ். ஒரு பிளகினைப் புதுப்பித்தால் இன்னொன்று கோபித்துக்கொள்கிறது, அவை இரண்டையும் சமாதானப்படுத்துவதற்குத்தான் வருடப் பராமரிப்பு என்று ஒரு தொகை வருகிறது. வீட்டு வாடகை அதில்தான் ஓடுகிறது.

சமீபத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் நம்பர் மாறியது. அப்பாவின் நாற்காலியில் இப்போது மகன். தளத்தில் ஓரிடத்தில் மாற்றினேன், அரை நிமிட வேலை. "அண்ணா, கூகுள் மேப்புல பழசுதான் காட்டுதுங்க. பேஸ்புக்லயும் அப்படித்தான். இன்ஸ்டாவுல, இந்தியாமார்ட்ல..." என்று அவர் அடுக்க அடுக்க, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடவுச்சொல் கேட்டு வாங்கி உட்கார்ந்தேன். நடுவில் சும்மா கேட்டு வைத்தேன், வெப்சைட்டைப் பார்த்து யாராவது கூப்பிடுகிறார்களா என்று.

"அப்படியெல்லாம் யாரும் வர்றதில்லீங்ணா. விசிட்டிங் கார்டுல அச்சடிச்சுட்டோமே, அது பாட்டுக்கு இருக்கட்டுங்க."