தேர்தலில் நிற்காத கவுன்சிலர்

புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் வால் நட்சத்திரம் மாதிரி. 1968இல் ஒருமுறை தெரிந்தது. அடுத்து 2006இல்தான் தெரிந்தது. 2011இல் அந்த மன்றங்களின் காலம் முடிந்த பிறகு வானத்தைப் பார்த்தபடி இருக்கிறோம்.

ஆகவே உழவர்கரை நகராட்சியைச் சேர்ந்த காலாப்பட்டில் தெருவிளக்கு எரியவில்லை என்று முறையிட கவுன்சிலர் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கத் தாமே முன்வந்தவர்தான் 'அண்ணன்'. தெருவுக்கு ஒருவர் உண்டு. பெயர்தான் வேறு, ஆள் ஒன்றுதான்.

விடிந்ததும் இ.சி.ஆர். ஓரத்து டீக்கடையில் அவருடைய அலுவலகம் திறந்துவிடும். மேஜை கிடையாது, முத்திரை கிடையாது; சட்டைப் பையில் நாலாக மடித்த மனுக்கள் உண்டு. டீ பொதுமக்கள் பணத்தில், அதாவது அன்றைக்கு மனு கொண்டுவந்தவர் பணத்தில்.

யாராவது புதிதாகக் குடிவந்தால், வண்டியிலிருந்து பீரோ இறங்குவதற்குள் விசாரணை முடிந்துவிடும். "யுனிவர்சிட்டியா, எஞ்சினியரிங் காலேஜா, ஜெயிலா?" என்பது முதல் கேள்வி. கோபித்துக்கொள்ளக் கூடாது. 1985இல் வந்த மத்தியப் பல்கலைக்கழகம், அதற்கு ஒரு வருஷம் மூத்த பொறியியல் கல்லூரி (இப்போது அது தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், அண்ணன் ஒத்துக்கொள்வதில்லை), சட்டக் கல்லூரி, மத்திய சிறை எல்லாம் இந்த ஊரில்தான். மாடியில் பேராசிரியர், கீழே சிறைக் காவலர் என்று குடியிருப்பார்கள். அண்ணனுக்கு இருவருமே 'சார்'.

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் படிக்க வந்த பிள்ளைகளிடம் இந்தியில் பேசுவதாக அவர் நம்புகிறார். அது தமிழ்தான், சத்தம் மட்டும் கூடுதல். ஆனாலும் வாடகை, அட்வான்ஸ், மோட்டார் போடும் நேரம் எல்லாம் அவர்களுக்கு எப்படியோ விளங்கிவிடுகிறது.

பூகோளத்தில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. கிழக்கே கடல், மற்ற பக்கமெல்லாம் விழுப்புரம் மாவட்டம். பாண்டியிலேயே இருந்துகொண்டு பாண்டிக்குப் போவதென்றால் நடுவில் தமிழ்நாட்டைத் தாண்டியாக வேண்டும். "தம்பி, பொம்மையார்பாளையத்துலேர்ந்து கோட்டக்குப்பம் வரைக்கும் தமிழ்நாடு. ஹெல்மெட்ட மாட்டிக்க. திரும்பி வரும்போது பைல பாட்டில் கீட்டில் இருந்து மாட்டுனா, என் பேர மட்டும் சொல்லிடாத."

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் துறைமுகத்து அலைத்தடுப்புகள் மணலை மறித்ததால் வடக்கே கரை அரித்து, பிள்ளைச்சாவடியில் வீட்டு வாசலுக்கே கடல் வந்துவிட்டது. கல் கொட்டச் சொல்லி மீனவர்கள் சாலையில் உட்காரும்போது, முன்வரிசையில் இவரும் உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு எல்லாருக்கும் டீ அவர் செலவு.

"தேர்தல் வந்தா நிப்பீங்களாண்ணே?" என்று கேட்டால் முகம் சுளிப்பார். "போப்பா. ஜெயிச்சா அஞ்சு வருஷத்துல எறக்கி விட்ருவாங்க."

காலாப்பட்டில் வீடு தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தரகரைப் பார்க்கும் முன் இவரைப் பாருங்கள். கமிஷன் கிடையாது, ஒரு டீ போதும். சர்க்கரை கம்மியாக.