டர்போ காரின் பெருமூச்சு: வெளிவிடுதலும் மீட்டு விழுங்குதலும்

1. பொருள்

டர்போ பொருத்திய பெட்ரோல் காரில், ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எழும் 'புஷ்' என்னும் ஒலி இங்கே பெருமூச்சு எனப்படும். அதை எழுப்பும் உறுப்பு புளோ ஆஃப் வால்வு. பெருமூச்சு இருவகைப்படும்: ஊரறிய விடுவது, உள்ளுக்குள் விழுங்குவது. முன்னதைப் பின்னதாக மாற்றுவது, அதாவது வால்விலிருந்து வெளியேறும் காற்றை ஒரு ஹோஸ் வழியாக மறுபடி இன்டேக் குழாய்க்கே அனுப்புவது, இவ்வாய்வின் பொருள். இதற்கு ஒரு ஹோஸும் இரண்டு கிளாம்பும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் போதும். வேலை அரை மணி நேரத்தில் முடியும்; கார்க்காரரின் மனம் இசையத்தான் பல மாதங்கள் பிடிக்கும்.

2. தோற்றம்

எஞ்சின் கழிக்கும் புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரஸரால் காற்றை அழுத்தி எஞ்சினுக்கு ஊட்டும் யோசனைக்குச் சுவிஸ் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905இல் காப்புரிமை பெற்றார். வீணாவதை மீட்பதே டர்போவின் பிறவிப்பயன் என்பது இதனால் பெறப்படும். அழுத்திய காற்றைத் தெருவில் விடுவோர் இந்தக் குலதர்மத்தை மீறியவர் ஆவர்.

அமெரிக்காவில் 1962இல் விற்பனைக்கு வந்த செவ்ரலே கார்வேர் மான்ஸா ஸ்பைடர், டர்போ கார்களின் முதல் தலைமுறையைச் சேர்ந்தது. அதில் கார்புரேட்டரும், காற்றை மறிக்கும் தகடாகிய த்ராட்டிலும் டர்போவுக்கு முன்னால் இருந்தன. த்ராட்டில் மூடினால் கம்ப்ரஸருக்குக் காற்று வருவதே குறைந்துவிடும். வழியில் எதுவும் சிக்காது. எனவே அந்தக் கார் பெருமூச்சு அறியாதது. த்ராட்டில் டர்போவுக்குப் பின்னால் இடம்பெயர்ந்த பிறகே துயரம் தொடங்கியது. ஓட்டுநர் காலை எடுத்ததும் தகடு மூடிக்கொள்கிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போவோ உடனே நிற்காது. இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட காற்று, வந்த வழியே திரும்பிக் கம்ப்ரஸரின் இதழ்களில் மோதுகிறது. இந்த மோதலைத் தவிர்க்கவே வால்வு. த்ராட்டில் மூடியதும், அதற்கும் எஞ்சினுக்கும் இடைப்பட்ட மேனிஃபோல்டில் உண்டாகும் வெற்றிடம் ஒரு சிறு குழாய் வழியாக வால்வின் ஸ்பிரிங்கை எதிர்த்து இழுக்க, கதவு திறந்து காற்றுக்கு வழிவிடுகிறது.

டீசல் எஞ்சினின் வேகத்தைத் தீர்மானிப்பது ஊற்றும் டீசலின் அளவு. வேகம் குறையக் காற்றை மறிக்க வேண்டியதில்லை என்பதால் பெருமூச்சும் இல்லை. பேருந்தும் லாரியும் நிற்கையில் விடும் 'புஸ்' ஏர் பிரேக்குக்கு உரியது. அதை டர்போவின் கணக்கில் எழுதுவது பிழை.

3. ஒலியிலக்கணம்

தமிழில் மெய்யெழுத்து மொழிமுதலில் வராது. ஆகவே இவ்வொலியை 'ப்ஷ்ஷ்' என்று எழுதுவது வழு. உகரம் சேர்த்துப் 'புஷ்' என்றல் அமைதி. வடவெழுத்தையும் விலக்கி இரட்டைக்கிளவியாக்கினால் 'புசுபுசு' என்றாகிப் பூனைக்குட்டியின் ரோமத்தைக் குறிக்கும். இருநூறு குதிரைத்திறன் கொண்ட காரின் உரிமையாளர் எவரும் இதை ஒப்பார்.

வால்வு இல்லாதபோதும், அதன் ஸ்பிரிங் மிகக் கடினமாக இருக்கும்போதும், காற்று கம்ப்ரஸரில் அலைமோதி 'துதுதுது' என்னும் ஒலி எழும். இது ஆய்வுக்குரியது. 'து' என்பது நன்னூல் கூறும் ஓரெழுத்தொருமொழிகளுள் ஒன்று. 'உண்' என்பது அதன் பொருள். அடுக்குத்தொடர் நான்கு வரை அடுக்கலாம் என்பதும் விதி. எனவே 'துதுதுது' என்பது 'உண், உண், உண், உண்' எனக் கம்ப்ரஸர் விடுக்கும் வேண்டுகோள். காற்றை விழுங்குவதே முறை என்னும் கட்சிக்கு இதைவிடப் பழைய சான்று கிடைப்பது அரிது.

4. பந்திக் கணக்கு

சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூ.ஆர்.எக்ஸ். 2002ஆம் ஆண்டு மாடலாக அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது, அதன் 2 லிட்டர் டர்போ எஞ்சினுக்கு 227 குதிரைத்திறன் சொல்லப்பட்டது. அதன் வால்வு, அழுத்திய காற்றைக் குளிர்விக்க எஞ்சின் மேல் அமர்ந்த இன்டர்கூலரில் பொருந்தி, காற்றைச் சத்தமின்றி இன்டேக்குக்கே திருப்பியது. இத்தகைய கார்களை வாங்கியோரில் ஒரு சாரார், விழுங்கும் வால்வைக் கழற்றிவிட்டு, வெளிவிடும் வால்வைக் காசு கொடுத்து மாட்டினர். பிறகு கார் இருமத் தொடங்கியது. காரணத்தை ஒரு கல்யாணப் பந்தியால் விளக்கலாம்.

காற்று வடிகட்டியை அடுத்து ஏர் ஃப்ளோ சென்ஸர் இருக்கிறது. சூடேற்றிய கம்பி காற்றில் எவ்வளவு குளிர்கிறது என்பதைக் கொண்டு அது காற்றை அளக்கிறது. மண்டப வாசலில் நின்று விருந்தினரை எண்ணுபவர் இவர். காரின் கம்ப்யூட்டர் சமையல்காரர், 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம் பெட்ரோல் என்பது அவர் கைப்பக்குவம். நூறு பேர் என்று வாசலிலிருந்து சொல்லி வர, அவர் நூறு இலைக்கு வடிக்கிறார். நாற்பது பேரோ கொல்லைக் கதவு வழியாக வெளியேறிவிட்டார்கள். அந்தக் கொல்லைக் கதவுதான் வெளிவிடும் வால்வு. மிஞ்சிய சோறு பெட்ரோல் மிகுந்த கலவையாகிறது: சைலன்ஸரில் கரும்புகை, 'பட்' என்ற வெடிப்பு, சிக்னலில் நிற்கப்போகும்போது எஞ்சின் அணைதல்.

அளவு காண ஒரு மனக்கணக்கு: குழாயும் இன்டர்கூலரும் சேர்ந்து 10 லிட்டர் கொள்ளளவு, டர்போ அழுத்தம் 1 பார் என்று கொண்டால், வெளியேறும் காற்று சுமார் 12 கிராம். அதற்கு உரிய பெட்ரோல் சுமார் 0.8 கிராம், அதாவது ஒரு மில்லிலிட்டருக்குச் சற்று மேல். கால் எடுத்ததும் பெட்ரோலை நிறுத்தும் கம்ப்யூட்டர் இதில் மிச்சம் பிடிக்கும். பிடிக்காவிட்டால், நூறு பெருமூச்சுக்கு ஒரு காபி டம்ளர் பெட்ரோல்.

வாசலில் எண்ணாமல், கூடத்துக்குள் எட்டிப் பார்த்து நெரிசலைக் கொண்டு இலை போடும் கார்களும் உண்டு. மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் இவற்றில் யார் கொல்லை வழியே போனாலும் சமையல் கெடாது. இவை இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. இவற்றின் உரிமையாளர்கள் நிம்மதியாகப் பெருமூச்சு விடலாம்.

5. மீட்கும் முறை

முதலில் வால்வின் வாயைப் பார்க்க வேண்டும். எக்காளம் போல் விரிந்து, ஹோஸ் மாட்டக் கழுத்தே இல்லாதிருந்தால் அது விழுங்கப் பழகாதது. கழுத்துள்ள வாயோ வேறு வால்வோ தேவைப்படும். அடுத்து, இன்டேக் குழாயில் முன்பு காற்று திரும்பி வந்த துளையைத் தேடி, அதை அடைத்திருக்கும் மூடியை எடுக்க வேண்டும். பின் இரண்டையும் ஹோஸால் இணைத்து, இருமுனையிலும் கிளாம்பை முறுக்க வேண்டும்.

இணைக்கும் இடமே இப்பணியின் உயிர். சென்ஸருக்குப் பின், டர்போவுக்கு முன் என்பதே விதி. சென்ஸருக்கு முன்னால் இணைத்தால், கொல்லை வழியே போனவர் மறுபடி வாசலுக்கு வந்து இரண்டாம் முறை எண்ணப்படுவார். சாதாரணக் கம்பிக்கு முகம் தெரியாது. காற்று எப்பக்கமிருந்து வந்தாலும் குளிரத்தான் செய்யும். சரியான இடத்தில் இணைத்தாலோ, எண்ணப்பட்டவர் எண்ணப்பட்டவராகவே அடுத்த பந்தியில் உட்காருவார்.

சில வால்வுகள் பாதியை விழுங்கிப் பாதியை வெளியே விடும். இரு வீட்டாருக்கும் நல்லவராயிருக்கும் இவ்வகையால் சோறு வீணாவது நிற்பதில்லை, குறைகிறது.

6. விளைவு

மீட்டபின் கரும்புகை குறையும். சிக்னலில் கார் அணையாது. ஐடிலிங்கும் சீராகும். அந்த நிலையில் மேனிஃபோல்ட் வெற்றிடத்தால் வால்வு சிறிது திறந்திருக்கக்கூடும். வெளிவிடும் வகையில் அந்த இடுக்கு வழியே எண்ணப்படாத, வடிகட்டாத காற்று நுழையும். விழுங்கும் வகையில் அந்தத் திறப்பும் பந்திக்குள்ளேயே திறக்கிறது.

ஒலிதான் போய்விடும். கண்ணாடியை இறக்கிக் காதைத் தீட்டினால், பானெட்டுக்குள் யாரோ போர்வைக்கடியில் மூச்சு விடுவது போல் கேட்கும். இது போதாதென்போருக்காக, ஸ்பீக்கர் வழியே 'புஷ்' என்று ஒலிக்கும் மின்பெட்டிகள் விற்கப்படுகின்றன. டீசல் காரிலும் டர்போவே இல்லாத காரிலும்கூட அவை வேலை செய்யும். பொறியியல் நோக்கில் அவற்றின் மேல் குற்றம் காண இடமில்லை: அவை காற்றைத் தொடுவதில்லை, வாசலில் எடுத்த கணக்கும் கெடுவதில்லை.