கார்டை மாற்றலாமா?

கேள்வி: கேமிங் கம்ப்யூட்டரில் ஜிடிஎக்ஸ் 1060 இருக்கிறது. தீபாவளி போனஸில் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா சார்?
– வாசகர், அனுப்பர்பாளையம், திருப்பூர்

பதில்: போனஸ் இரண்டு நாள் பையிலேயே இருக்கட்டும். முதலில் கேம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். ஜிபியு 60 சதவீதத்தில் நிற்க, ஆட்டம் திக்கித் திணறினால், பெரும்பாலும் பிராசஸர்தான் பின்தங்குகிறது. கட்டிங் டேபிளில் துணி தேங்கிக் கிடக்க, ஓவர்லாக் மெஷினைக் கூட்டினால் பீஸ் கூடுமா? 60 ஹெர்ட்ஸ் மானிட்டரும் நொடிக்கு 60 படத்துக்கு மேல் காட்டாது. ‘புது கேம் திறக்கவே மாட்டேன் என்கிறதே’ என்பீர்கள், நியாயம்தான். 2024-ல் வந்த ‘இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்’ ரே ட்ரேசிங் ஹார்டுவேர் உள்ள கார்டையே கேட்கிறது. 2016-ல் வந்த 1060-ல் அது கிடையாது. அந்த மாதிரி கேம்தான் உயிர் என்றால் தாராளமாக மாற்றுங்கள், எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட்ஸ் என்று பார்த்துவிட்டு.