புரோகிராம் சித்தப்பா

தஞ்சாவூருக்கு இரண்டு நாள் போய் வர நமக்கெல்லாம் ஒரு பையும் பல் தேய்க்கும் பிரஷ்ஷும் போதும். புரோகிராம் சித்தப்பாவுக்குப் போதாது. ஏ4 தாள் வேண்டும், கோடு போட ஸ்கேல் வேண்டும், சிவப்பு மையில் தனியாக ஒரு பேனா வேண்டும். உங்கள் குடும்பத்திலும் இவர் இருப்பார். பெரியப்பா, மாமா, அத்திம்பேர் என்று உறவு மாறலாம்; உத்தியோகம் அநேகமாக மாறாது. வங்கியிலோ மின்வாரியத்திலோ தணிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் எழுதியதில் தப்புக் கண்டுபிடித்தே ஆயுளைக் கழித்தவருக்குத் தானே ஒன்று எழுத வாய்ப்புக் கிடைத்தால் விடுவாரா?

முதலில் ரயில் டிக்கெட். ஒரு காலத்தில் 120 நாள் முன்னதாகவே முன்பதிவு செய்ய முடிந்தது. 2024 நவம்பரில் அதை 60 நாளாகக் குறைத்தார்கள். நாட்டில் பாதிப் பேருக்கு அது தெரியவே தெரியாது. சித்தப்பா அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. தன் எதிர்காலத்தில் சரிபாதியை ரயில்வே பிடுங்கிக்கொண்டது என்பது அவர் கட்சி. என்றாலும் அறுபதாவது நாள் காலை எட்டு மணிக்கு, குளித்து விபூதி இட்டுக்கொண்டு, கணினி முன் உட்கார்ந்துவிடுவார். எழும்பூரில் இரவு ஏறினால் விடிகிற நேரத்துக்குத் தஞ்சாவூரில் இறக்கிவிடும் உழவன் எக்ஸ்பிரஸ்தான் அவர் சாய்ஸ். பகல் ரயிலில் போனால் ஒரு பகல் வீணாகிவிடுமாம். ஜன்னலோரம் உட்கார்ந்து வயலைப் பார்ப்பதெல்லாம் அவர் கணக்கில் வீண்.

டிக்கெட் உறுதியானதும் குடும்ப வாட்ஸ்அப்பில் அட்டவணை வரும். முதல் வரியே சண்டையைக் கிளப்பும்.

“காபிக்கு எட்டு நிமிஷமா? சூடா இருந்தா என்னங்க பண்றது?” என்பார் சித்தி.

“சூடா இருக்கும்னுதான் எட்டு. இல்லேன்னா அஞ்சுதான் போட்டிருப்பேன்.”

அட்டவணைக்கு வில்லன் ஒருவர் உண்டு: மத்தியான நடைசாத்தல். பெரிய கோவிலில் நண்பகலுக்குக் கொஞ்சம் பின்னால் சந்நிதியைச் சாத்தினால் சாயங்காலம்தான் திறப்பார்கள். அந்தப் பொழுதுக்குள்தான் சித்தப்பா அரண்மனையைத் திணிப்பார். கலைக்கூடத்துச் சோழர் செப்புத் திருமேனிகளுக்கு 40 நிமிஷம். இரண்டாம் சரபோஜி 1798இல் பட்டமேறி 1832இல் கண்ணை மூடுகிறவரை ஆசை ஆசையாய்ச் சேர்த்து வளர்த்த சரஸ்வதி மகால் நூலகத்தின் காட்சிக்கூடத்துக்கு 25 நிமிஷம். மன்னர் உயிரோடு இருந்திருந்தால் வாசலிலேயே மறித்திருப்பார்.

அவரை வெறும் கடிகாரப் பைத்தியம் என்று ஒதுக்கிவிட முடியாது. பெரிய கோவில் கல்வெட்டுகளுக்கு முன்னால் அவரைப் பார்க்க வேண்டும். முகமே மாறிவிடும். 1010இல் குடமுழுக்குக் கண்ட கோவில். 216 அடி விமானம். கூட வந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். இவர் மட்டும் குனிந்து சுவரைப் பார்ப்பார். ராஜராஜன் தான் கொடுத்தது என்ன, அக்கா குந்தவை கொடுத்தது என்ன, பட்டத்தரசிகள் கொடுத்தது என்ன என்று தனித்தனியே கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். கோவிலுக்கு வரவழைத்த 400 ஆடல் மகளிர் யார் யார், எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, வருஷத்துக்கு எத்தனை கலம் நெல், அவர்களில் ஒருத்தி இறந்துபோனாலோ ஊரைவிட்டுப் போனாலோ அந்த இடத்துக்கு வரவேண்டியது யார் என்பதுவரை எழுதியிருக்கிறது.

“பார்த்தியாடா? பிளான் பி கூடப் போட்டு வெச்சிருக்கான்!” என்று சித்தப்பாவின் குரல் தழுதழுக்கும். தன் குடும்பத்தில் கிடைக்காத மரியாதை சோழ மண்டலத்தில் கிடைத்துவிட்ட திருப்தி. அந்த இடத்தில் மட்டும் அட்டவணை தாராளமாகத் தாமதமாகும். யாரும் சுட்டிக்காட்டக் கூடாது.

அடுத்து, விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பெரும்பாலும் சித்தியின் தம்பி. காலை ஒன்பது மணி வாக்கில் மேற்குப் பிராகாரத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டு அரை மணி நேரம் விளக்குவார். சித்தப்பா குறுக்கே பேசமாட்டார். எல்லாம் முடிந்த பிறகு, “மாப்ளே, வெயில் சுடுதா?” என்பார். “இல்லையே அத்தான், நல்லா நிழலா இருக்கு.” “யாரோட நிழல்?”

இந்த வெற்றிக்கும் அட்டவணையில் பத்து நிமிஷம் ஒதுக்கியிருப்பார் என்றே எனக்குச் சந்தேகம்.

இரண்டாம் நாள் தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம். பெரிய கோவிலை 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கிய யுனெஸ்கோ, மற்ற இரண்டையும் 2004இல்தான் சேர்த்தது. யுனெஸ்கோவுக்கு மூன்றையும் சுற்றி முடிக்க 17 வருஷம். சித்தப்பாவுக்கு ஒன்றரை நாள்.

ஆனால் தாராசுரத்தைத் தாண்டினால் கும்பகோணம் வரும். கும்பகோணத்தில் சித்தியின் ஒன்றுவிட்ட அக்கா இருக்கிறார். தமிழ்நாட்டில் எந்தப் பயணத் திட்டமும் ரயிலாலோ மழையாலோ கெட்டதைவிட “இவ்வளவு தூரம் வந்துட்டு எங்க வீட்டுக்கு வராம போறதா?” என்ற கேள்வியால் கெட்டதுதான் அதிகம். சித்தப்பா விவரமானவர். ‘உறவினர் வீடு: 20 நிமிஷம் (தண்ணீர், நலம் விசாரிப்பு)’ என்று முன்கூட்டியே போட்டிருந்தார். போன தடவை போனபோது வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள்ளேயே உள்ளே இலை போட்டாயிற்று. இரண்டு பாயசம். சாப்பிட்டு எழுந்ததும் கூடத்தில் வரிசையாகப் பாய், தலைகாணி. குழந்தைகள் உருண்டார்கள், சித்தி அக்காவோடு அடுக்களைக்குள் மறைந்தார், சித்தியின் தம்பி குறட்டையே விட்டுவிட்டார்.

சித்தப்பா மட்டும் வாசல் திண்ணையில் வாட்ச்சைப் பார்த்தபடி நின்றார். அக்கா வீட்டுக்காரர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். ஓய்வு பெற்ற கருவூல அலுவலர்.

“சகலை, நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சதும் சின்னதா ஒரு புரோகிராம் போட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க” என்று சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார். சக்கரபாணி, சாரங்கபாணி, ராமசாமி, நாகேசுவரன், மகாமகக் குளம். ஒவ்வொன்றுக்கும் எதிரே நேரம்.

சித்தப்பா தாளை வாங்கிப் படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்தார்.

“சக்கரபாணியிலேர்ந்து சாரங்கபாணிக்கு நடந்தா, வண்டியிலா?”

“நடந்துதான்.”

“குழந்தைங்க இருக்கே. அஞ்சு நிமிஷம் கூட்டுங்க.”

“கூட்டிட்டா ராமசாமி இடிக்குமே.”

“ராமசாமியைக் கீழே தள்ளுவோம்.”

இருவரும் திண்ணையில் உட்கார்ந்தார்கள். காபி வந்தது; ஆறிப்போனது; இன்னொன்று வந்தது. தூங்கினவர்கள் எழுந்து முகம் கழுவிப் பஜ்ஜி சாப்பிட்டார்கள். வேன் டிரைவர் இரண்டு முறை இருமிப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

“சார், கங்கைகொண்ட சோழபுரம் போகணும்னா இப்பவே கிளம்பணும். இருட்டிடும்.”

“இருப்பா” என்றார் சித்தப்பா, தலை நிமிராமலே. “சாரங்கபாணிக்கே இன்னும் நேரம் ஒத்து வரலை.”